மதுரையில் எந்த டேட்டிங் ஆப்? ஓர் ஆடிட் ஆபீஸ்காரியின் வரவு செலவு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரம் இல்லாதவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். மதுரையில் இருக்கும் பெண் என்றால் ஹிஞ்ச்சில் இலவசமாகத் தொடங்குங்கள். ஊர் முழுக்கச் சொந்தபந்தம், யார் கண்ணிலும் பட முடியாது என்றால் டிண்டரில் இன்காக்னிட்டோ வசதிக்கு (நாம் லைக் செய்தவருக்கு மட்டும் நம் முகம் தெரிவது) மட்டும் பணம் கட்டுங்கள். ஆண் என்றால் எதற்கும் கட்ட வேண்டாம். ஆறு மாதச் சந்தா மட்டும் யாருமே கட்டாதீர்கள். காரணம் கேட்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

எனக்கு வயது 32. சிம்மக்கல்லில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. வில்லாபுரத்தில் வீடு, அம்மாவும் நானும்தான். மேட்ரிமோனி தளம் ஒன்றிலும் என் பெயரில் கணக்கு உண்டு. பாஸ்வேர்டு சோழவந்தான் பெரியப்பாவிடம் இருக்கிறது. யாருக்கு விருப்பம் தெரிவித்தேன், யாரை வேண்டாம் என்றேன் என்று அவர் போன் செய்து சொன்னால்தான் எனக்கே தெரியும். நட்சத்திரம் ஆயில்யம். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாதாம். அதனால் மாமியார் இல்லாத வீடாகப் பெரியப்பா தேடிக்கொண்டிருக்கிறார். டேட்டிங் ஆப்பில் ஆயில்யம் பற்றி யாரும் கேட்பதில்லை. "நீங்க லியோவா, விர்கோவா?" என்றுதான் கேட்கிறார்கள். அது பரவாயில்லை, அதில் மாமியாருக்குப் பலன் எதுவும் எழுதியிருக்காது.

சென்னை, பெங்களூர்க்காரர்கள் எழுதும் ஆப் ஒப்பீடுகள் நமக்கு அவ்வளவாக உதவாது. அங்கே ஆள் தீராது, அதனால் எந்த ஆப்பில் என்ன வசதி என்று ஆராயலாம். இங்கே முதல் கேள்வியே ஆள் இருக்கிறார்களா என்பதுதான். இந்த ஆப்கள் பெரும்பாலும் போன் இருக்கும் இடத்தை வைத்துச் சுற்றுவட்டத்தில் தேடுபவை. டிண்டரில் அந்த வட்டத்தை அதிகபட்சம் 160 கிலோமீட்டர் வரை வைக்கலாம். ரோட்டுக் கணக்கு இல்லை, காக்கை பறக்கும் கணக்கு. மதுரையிலிருந்து அப்படி அளந்தால் திண்டுக்கல், தேனி, காரைக்குடி, திருச்சி, தூத்துக்குடி, திருநெல்வேலி எல்லாம் உள்ளே வந்துவிடும். மேற்கே மலையைத் தாண்டி மூணாறும் வரும். கோயம்புத்தூர் கொஞ்சத்தில் வெளியே நின்றுவிடுகிறது. படித்து வேலை பார்க்கிற கூட்டம் அதிகம் இருக்கிற ஊர் அது, என்ன செய்ய.

வட்டத்தை 30 கிலோமீட்டருக்குக் குறைத்தால் நகரமும் மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டியும்தான் மிச்சம். எந்த ஆப்பாக இருந்தாலும் சில நாள் மாலை உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தள்ளினால் போதும், "உங்கள் பகுதியில் புதியவர்கள் யாரும் இல்லை" என்று வந்துவிடும். பணம் கட்டினாலும் அதேதான் வரும். நான் சொல்ல வந்ததே இதைத்தான்: சந்தா கட்டினால் நம் லைக் அதிகமாகப் போகும், நம்மை யார் விரும்பினார்கள் என்று முன்கூட்டியே தெரியும், போன வாரம் தள்ளியவரைத் திரும்பப் பார்க்கலாம். மதுரையில் இல்லாத ஆள் அதனால் முளைத்துவிட மாட்டார்.

ஆனால் ஆள் தானாக முளைக்கிற நாட்கள் இருக்கின்றன. பொங்கல், தீபாவளி, எல்லாவற்றுக்கும் மேலே சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம் ஆப்பைத் திறந்து பாருங்கள், இத்தனை பேர் எங்கே இருந்தார்கள் என்று தோன்றும். சென்னை சோழிங்கநல்லூர், பெங்களூர் ஒயிட்ஃபீல்டு என்று பிழைக்கப் போனவர்கள் அத்தனை பேரும் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனை நோண்டுகிறார்கள். "4 கி.மீ தொலைவில்" என்று காட்டும். பேச்சு நன்றாகப் போகும். லீவு முடிந்து சென்னைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறிய மறுநாள் காலையில் அதே ஆள் 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார். அதனால் ஊரைவிட்டுப் போகத் தயாராக இருக்கிறவர்கள், அல்லது வருகிறவரை ஊரோடு நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கை உள்ளவர்கள், சில ஆப்களில் கிடைக்கிற ஒரு வாரச் சந்தாவை அந்த வாரத்தில் கட்டிக்கொள்ளலாம். வருடத்தில் சந்தாவுக்குப் பலன் இருக்கிற நேரம் அதுதான். ஆறு மாதச் சந்தாவை மாதக் கணக்கில் வகுத்து, பாதி விலை என்று காட்டுவார்கள். வகுத்த கணக்கு சரிதான். ஆனால் ஒரு வாரத்தில் தீர்ந்துபோகிற ஊரில் மீதி மாதங்களுக்கு எதைப் பார்ப்பது?

விலை விஷயத்தில் இன்னொன்று. ஓர் ஆப்பில் எனக்குக் காட்டிய விலை ஒன்று, பக்கத்து மேஜையில் உட்காரும் 24 வயதுப் பெண்ணுக்குக் காட்டிய விலை வேறு. அவளுக்குக் குறைவு. இருவரும் போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ரசீதுக்கு ரசீது ஒப்பிட்டே பழகிய எங்களுக்கு இது கண்ணில் உறுத்தியது. நீங்களும் கட்டுவதற்கு முன்னால் கூட இருப்பவர் போனில் ஒரு தடவை பாருங்கள்.

பெயர்ப் பலகை பலவாக இருந்தாலும் முதலாளி ஒருவரே என்பதும் பலருக்குத் தெரியாது. டிண்டர், ஹிஞ்ச், ஓகேகியூபிட் மூன்றும் மேட்ச் குரூப் என்ற ஒரே அமெரிக்க நிறுவனத்தின் கையில். பம்பிள் தனி, டிண்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான விட்னி வுல்ஃப் ஹெர்ட் அங்கிருந்து வெளியேறி 2014-இல் ஆரம்பித்தது. நம்மூர்ச் சரக்கு என்றால் அய்ல். அதுவும் 2014-இல்தான் தொடங்கியது. மலையாளிகளுக்கு "அரிகே" என்றும் தமிழர்களுக்கு "அன்பே" என்றும் தனித்தனி ஆப் கொண்டுவந்தவர்கள் இவர்கள். 2022-இல் இதில் பெரும்பங்கை இன்ஃபோ எட்ஜ் வாங்கியது. நௌக்ரி என்ற வேலைத் தளமும் ஜீவன்சாத்தி என்ற மேட்ரிமோனி தளமும் நடத்துகிற அதே கம்பெனி. வேலையும் அங்கே, வரனும் அங்கே, காதலும் அங்கே.

சரி, ஹிஞ்ச்சை ஏன் முதலில் சொன்னேன்? அதில் வெறுமனே படத்தைத் தள்ளிக்கொண்டே போக முடியாது. சின்னச் சின்னக் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும், பிடித்தவருடைய ஒரு குறிப்பிட்ட படத்தையோ பதிலையோதான் லைக் செய்ய வேண்டும், அதோடு ஒரு வரி எழுதியும் அனுப்பலாம். இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய லைக்குகள் கொஞ்சம்தான். அதனால் அனுப்புகிறவர் ஒரு நிமிடமாவது யோசிக்கிறார். எல்லோரும் ஆங்கிலத்திலேயே எழுதியிருப்பார்கள். பயணம் பிடிக்கும், நாய்க்குட்டி பிடிக்கும், காபி பிடிக்கும். நான் என் பதில்களைத் தமிழில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும் என்ற கேள்விக்கு, "காலையில் கறிக்கடை வரிசை, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் திங்கட்கிழமையை நினைத்து வயிற்றெரிச்சல்" என்று போட்டேன். வருகிற லைக் குறைந்தது. வந்தவர்கள் படித்துவிட்டு வந்தார்கள். "எந்தக் கறிக்கடை?" என்று ஒருவர் கேட்டார். கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஹிஞ்ச்சில் குரல் பதிவும் வைக்கலாம், 30 விநாடி. எனக்கு அந்த ஆப்பிலேயே பிடித்தது அதுதான். படத்தில் எல்லோரும் கூலிங் கிளாஸ் போட்டு, ஏதாவது ஒரு மலையில் நின்று, பாதி முகத்தைத்தான் காட்டுகிறார்கள். குரலில் அது நடக்காது. "வந்தாய்ங்க, போனாய்ங்க" என்று தன்னை மறந்து ஒருவர் பேசிவிட்டால் இந்த மண்ணில் வளர்ந்தவர் என்று உறுதியாகிவிடும். அமெரிக்க உச்சரிப்பில் தொடங்கி மூன்றாவது வரியில் மதுரைக்கு வந்து சேர்கிறவர்களும் உண்டு. அவர்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

பம்பிளில் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் லைக் செய்து பொருந்திவிட்டால் பெண்தான் முதலில் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது அதன் அடையாளம். 24 மணி நேரத்துக்குள் தொடங்காவிட்டால் அந்தப் பொருத்தம் போய்விடும். 2024 முதல், பெண் ஒரு கேள்வியை முன்பே வைத்துவிட்டால் ஆண் அதற்குப் பதில் சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம் என்றும் ஆக்கியிருக்கிறார்கள். கொள்கையளவில் எனக்கு மிகவும் பிடித்த ஆப். தேவையில்லாத "ஹாய்", "சாப்டீங்களா", "ஏன் ரிப்ளை இல்ல" எதுவும் கிடையாது. ஆனால் மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்கிற வேலையில் இருப்பவளுக்கு 24 மணி நேரக் கெடு இன்னொரு கெடு. ஆபீஸிலேயே போதுமான அளவு கெடு இருக்கிறது. வேலை நேரம் ஒழுங்காக முடிகிற ஆசிரியை, வங்கி ஊழியர் போன்றவர்களுக்கு இது பொருந்தும்.

ஓகேகியூபிட் கேள்வி கேட்டே களைப்பாக்கும், சதவீதப் பொருத்தம் சொல்லும், பத்துப் பொருத்தம் பார்த்துப் பழகிய வீட்டில் பிறந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது. அய்ல் கல்யாணம் வரை போகிற எண்ணம் உள்ளவர்களுக்கானது. வீட்டில் சொல்லிக்கொள்ளவும் ஓரளவு வசதி: "அதுவும் மேட்ரிமோனி மாதிரிதாம்மா." டிண்டர் 2012-இலிருந்து இருக்கிறது, இங்கே பையன்கள் முதலில் இறக்குவது பெரும்பாலும் அதைத்தான். ஆகவே தெரிந்த முகமும் அதில்தான் அதிகம் வரும்.

தெரிந்த முகம்தான் இந்த ஊரில் பெரிய தலைவலி. டிண்டரிலும் ஹிஞ்ச்சிலும் தொடர்பு எண்களைக் கொடுத்து, அவர்களுக்கு நாமும் நமக்கு அவர்களும் தெரியாதபடி செய்துகொள்ளும் வசதி இலவசமாகவே இருக்கிறது. படம் ஏற்றுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். சித்தப்பா மகன்கள், அத்தை மகன்கள், ஆபீஸ் கிளையண்டுகள், தெருவில் தண்ணீர் கேன் போடும் தம்பி, எல்லோரையும் போட்டேன். அப்படியும் ஓட்டை உண்டு. நம்மிடம் இருக்கிற எண்ணில் அவர் கணக்கு வைத்திருந்தால்தான் இது வேலை செய்யும். நம்மூரில் யாரிடம் ஒரே சிம் இருக்கிறது? மாமன் மகன் ஒருவன் இரண்டாவது சிம்மில் உள்ளே வந்து, "ஆறடி, சிங்கிள், பயணப் பிரியன்" என்று என் முன்னால் நின்றான். அவனுக்கு ஐந்தரை அடி. நிச்சயதார்த்தம் முடிந்தவன். நான் ஒன்றும் பேசவில்லை, அவனும் பேசவில்லை, குடும்ப விசேஷங்களில் இப்போது என்னைப் பார்த்தால் மிகவும் மரியாதையாக நடந்துகொள்கிறான்.

இதற்குத்தான் இன்காக்னிட்டோ. டிண்டரில் சந்தா கட்டியவர்களுக்கு உண்டு. நாம் லைக் செய்த ஆளுக்கு மட்டும்தான் நம் முகம் தெரியும். பம்பிளிலும் பணம் கட்டினால் இந்த வசதி வரும். திருவிழா வாரம் போக, மற்ற எந்தச் சலுகைக்கும் நான் காசு தரச் சொல்ல மாட்டேன், இதற்குத் தரலாம். பெரிய நகரத்தில் இது ஆடம்பரம். ஒரு படத்தின் ஸ்க்ரீன்ஷாட் அரை மணி நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேருகிற ஊரில் இதைச் செலவு என்று எழுத மாட்டேன்.

அப்புறம் சாதி. டிண்டர், ஹிஞ்ச், பம்பிள் எதிலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. கட்டம் இல்லாவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே. பேச்சு இப்படித்தான் போகும்:

"சொந்த ஊர் மதுரையா?"

"ஆமா, வில்லாபுரம்."

"அது இல்ல, அப்பா ஊரு?"

"சோழவந்தான் பக்கம்."

"பக்கம்னா? ஊருக்குள்ள எந்தத் தெரு?"

தெருவில் தப்பித்தால் கடைசி அம்பு வரும்: "குலசாமி எது?" கேட்கிறவர் பொறியியல் படித்திருப்பார், புரோஃபைலில் "ஓப்பன் மைண்டட்" என்று எழுதியிருப்பார். நான் பாண்டி கோயில் என்று சொல்லிவிடுவேன். ஊரே கும்பிடுகிற சாமி, அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கும் மேலே நோண்டினால் பொருத்தத்தை நீக்கிவிடுவேன். கேட்காமலே சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்: பைக்கில் ஒட்டிய படம், கையில் கட்டிய கயிற்றின் நிறம், பெயருக்குப் பின்னால் ஒரு வால். அவர்கள் நேரத்தை மிச்சப்படுத்துகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் எந்த ஆப்பும் இன்னொன்றைவிடச் சிறந்தது இல்லை. ஆப்பை மாற்றினாலும் ஊர் அதே ஊர்தான்.

பாதுகாப்பைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், ஜிபேயைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. உங்கள் போன் எண்ணை ஒருவரிடம் கொடுத்தால் அவர் அதைப் பணம் அனுப்பும் ஆப்பில் போட்டுப் பார்க்கலாம். வங்கிக் கணக்கில் இருக்கிற உங்கள் முழுப்பெயர் இன்ஷியலோடு வந்து நிற்கும். அதனால் பேச்சு ஆப்புக்குள்ளேயே இருக்கட்டும், எண்ணை அவசரப்பட்டுத் தர வேண்டாம். அவர் எண்ணைத் தந்தால் நீங்களும் போட்டுப் பாருங்கள். ஆப்பில் ஒரு பெயரும் வங்கியில் வேறு பெயரும் இருந்தால் காரணம் கேட்கலாம். படமும் அப்படித்தான். இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் டிபியிலும் இருக்கிற படத்தை இங்கே போடாதீர்கள், கூகுளில் தேடினால் உங்களை எளிதாகப் பிடித்துவிடலாம். வண்டி நம்பர், வீட்டு வாசல், ஆபீஸ் அடையாள அட்டை படத்தில் விழக் கூடாது.

பேச ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே கிரிப்டோ, டிரேடிங், "என் அங்கிள் ஒரு டிப் தருவார்" என்று வந்தால் அது காதல் இல்லை, தொழில். ஆண்களுக்கு வேறு விதமாக வரும்: அழகான படம், உடனே வீடியோ கால், அப்புறம் பதிவு செய்து வைத்திருக்கிறோம் என்று மிரட்டல். எங்கள் அலுவலகத்தில் ஆர்டிகிள்ஷிப் என்ற ஆடிட்டர் பயிற்சி செய்கிற தம்பி ஒருவன் இதில் மாட்டி, பாதி மாதச் சம்பளத்தை அனுப்பிவிட்டு அழுதுகொண்டு வந்தான். பணம் போன உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டும், சைபர்கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம். தாமதமானால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும். வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்கு லாபம்.

அதே தம்பிதான் ஆண்கள் பணம் கட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் சாட்சி. இந்த ஆப்களில் ஆண்கள் கூட்டம், பெண்கள் குறைவு. "அக்கா, உங்களுக்கு வர்றதுல பத்துல ஒண்ணு எனக்கு வந்தாப் போதும்க்கா" என்பான். சந்தா கட்டியும் பார்த்தான், நிலைமை மாறவில்லை. நான் அவன் படங்களை மாற்றச் சொன்னேன். பைக் படம், ஜிம் கண்ணாடிப் படம், நான்கு பேரில் இவன் யார் என்று தெரியாத படம் மூன்றையும் எடுத்துவிட்டு, தெளிவாகச் சிரிக்கிற ஒரு படம். அதற்குச் செலவு இல்லை, அதற்குத்தான் பலன் இருந்தது.

என் கல்லூரி நண்பன் ஒருவன், ஆண்களை விரும்பும் ஆண்களுக்கான கிரைண்டர் ஆப் வைத்திருக்கிறான். 377-ஆவது பிரிவின்படி தன்பாலின உறவு குற்றம் என்பது இனி இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2018 செப்டம்பர் 6-இல். ஆனால் மதுரைத் தெருக்களுக்குத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை என்பான். பக்கத்தில் இருப்பவர்களைத் தூர வரிசையில் அடுக்கிக் காட்டுகிற ஆப் அது. எவ்வளவு தூரம் என்று காட்டுவதை அமைப்புகளில் நிறுத்திவிட வேண்டும் என்றும், யார் அழைத்தாலும் ஆளில்லாத இடத்துக்குப் போகக் கூடாது என்றும் சொன்னான். மீதியை அவன்தான் எழுத வேண்டும்.

நேரில் சந்திக்க எங்கே போவது? கோயில் நல்ல யோசனை போலத் தோன்றும், கூட்டமும் இருக்கும். ஆனால் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது. முதல் சந்திப்பில் போன் கையில் இல்லாமல் இருக்க எனக்கு இஷ்டமில்லை. தெப்பக்குளத்தில் சாயங்காலம் நடக்கிறவர்களில் பாதிப் பேர் நமக்கு ஏதோ ஒரு வழியில் உறவாக இருப்பார்கள். கோகலே ரோடு மாலில் ஏசி உண்டு, காதல் ஜோடி என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பதும் உண்டு. நான் தேர்ந்தெடுப்பது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் நிறைந்திருப்பார்கள், யாரும் தலையைத் தூக்க மாட்டார்கள். "படிக்க வந்தேன்" என்றால் எந்த அத்தையும் அதற்கு மேல் கேட்க முடியாது. ஆள் எந்த அலமாரிப் பக்கம் போய் நிற்கிறார் என்றும் பார்த்துக்கொள்ளலாம். பேசத் தோன்றினால் வெளியே வந்து டீ. தோன்றாவிட்டால் இருவருக்கும் புத்தகம் மிச்சம்.

கடைசியாக, ஆள் கிடைத்தவர்களும் வெறுத்துப்போனவர்களும் வெளியேறும் வழி. போனிலிருந்து ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் முதலில் அதை ரத்து செய்ய வேண்டும். யுபிஐ ஆட்டோபே மூலம் கட்டியிருந்தால் பணம் அனுப்பும் ஆப்பிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி தானாகப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அந்த மெசேஜைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். இரண்டாவது, ஆப்புக்குள்ளே அமைப்புகளில் போய்க் கணக்கையே அழிக்க வேண்டும். அதற்கும் பிறகுதான் ஆப்பைப் போனிலிருந்து நீக்குவது. வரிசையை மாற்றிவிட்டால் உங்கள் கணக்கு அப்படியே உயிரோடு இருக்கும், கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிற தெருவில் உங்கள் படமும் "சிங்கிள்" என்று போய்க்கொண்டிருக்கும். என் மாமன் மகனிடம் இதை யாராவது சொல்லியிருக்கலாம்.